பேட்டரி எரியட்டும்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

திரையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, கொஞ்சம் ஒயர். ஒரு மாணவி பல்பை மறந்துவிட்டு, பேட்டரியின் இரு முனைகளையும் ஒரே ஒயரால் இணைத்துவிடுகிறாள். ஊர்ந்துகொண்டிருந்த நீலப் புள்ளிகள் பாய்ந்து ஓடுகின்றன. பேட்டரி குப்பென்று தீப்பிடிக்கிறது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு ஆசிரியரைப் பார்க்கிறாள். யாரும் திட்டவில்லை. ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டுகிறாள். மூன்றாவது தடவை வேண்டுமென்றே எரிக்கிறாள். அப்புறம் கேட்கிறாள்: "பல்பு இருந்தப்போ மட்டும் ஏன் எரியலை?"

மின்தடைப் பாடத்தை அவளே தொடங்கிவிட்டாள். இனி நாம் பின்னால் போனால் போதும்.

இயற்பியலில் 2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், மறு ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' (PhET) என்ற, திரையிலேயே அறிவியல் சோதனை செய்து பார்க்கும் திட்டத்தில் உருவானது இந்த மின்சுற்று. இலவசம். மதிப்பெண், கடிகாரம் எதுவும் இதில் குறுக்கே வராது. விமானிகளுக்காக எட்வின் லிங்க் 1929-இல் செய்த பயிற்சிக் கருவியும் இப்படித்தான்: தரையில் இருந்தபடியே தப்பு செய்து பழகலாம்.

கல்வி விளையாட்டு என்ற பெயரில் வருகிற பலவற்றில், தப்பு செய்து பழகும் இந்த வாய்ப்பு இல்லை என்பதுதான் என் வருத்தம். வினாத்தாளுக்கு மேல் தங்கக் காசுகளை ஒட்டியிருக்கிறார்கள். பெருக்கல் தெரிந்த பிள்ளை காசு சேர்க்கிறது. தெரியாத பிள்ளைக்குச் சிவப்புத் தப்புக் குறியும் ஒரு சோகச் சத்தமும்தான் மிச்சம். எங்கே தடுமாறியது என்று அதற்கு யாரும் காட்டுவதில்லை.

மனச்சோர்வில் இருக்கும் மாணவர்களுக்கும் விளையாட்டு துணை நிற்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தார் 'ஸ்பார்க்ஸ்' (SPARX) என்று ஒரு கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். ஏழு கட்டங்கள். மனதைச் சுருங்கவைக்கும் எண்ணங்கள் அதில் பறக்கும் பூச்சிகளாக வரும். அவற்றை எதிர்கொள்ள வேண்டும். 187 இளையோரிடம் நடந்த சோதனையில், வழக்கமான ஆலோசனைக்கு இது குறைந்ததில்லை என்று தெரிந்தது. முடிவு 2012-இல் வெளியானது. எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஒரு வழிகாட்டிப் பாத்திரம் வந்து, இதை உன் வாழ்க்கையில் எங்கே பயன்படுத்துவாய் என்று பேசும். ஆட்டத்துக்குப் பிறகு வரும் அந்தப் பேச்சைத்தான் நாம் வகுப்பில் விட்டுவிடுகிறோம். மணி அடித்ததும் டேப்லட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறோம்.

கண்ணில் மாட்டினால் வேறோர் இடத்துக்குள் நிற்பதுபோலக் காட்டும் மெய்நிகர் (VR) கண்ணாடிக்கும் இதே விதிதான். ஆழ்கடலையோ இதயத்தின் உட்புறத்தையோ பார்த்துவிட்டுக் கழற்றும் பிள்ளைக்குச் சொல்ல ஏதோ இருக்கும். கேட்க ஆள் வேண்டும். தலைசுற்றுகிறது என்றால் உடனே கழற்றிவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

சரி, அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் அந்த மின்சுற்றைத் திறந்து வையுங்கள். இருவருக்கு ஒரு திரை போதும். முதல் ஐந்து நிமிடம் எதுவும் சொல்லாதீர்கள். யாராவது பேட்டரியை எரித்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எப்படிச் செஞ்சே? இன்னொரு தடவை எரிச்சுக் காட்டு" என்று கேளுங்கள்.