முகவாய்க்கட்டையும் மூன்று புள்ளிகளும்: ஜிம்மி ஹில் என்கிற மனிதர்

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். லண்டன், ஹைபரி மைதானம். கூட்டத்தின் இரைச்சல்.]

1972 செப்டம்பர் 16, சனிக்கிழமை. ஆர்சனலும் லிவர்பூலும் மோதுகின்றன. அரங்கில் நாற்பதாயிரம் பேருக்கு மேல். ஆட்டத்தின் நடுவே கோட்டு நடுவர் ஒருவருக்குக் காலில் அடிபடுகிறது. அவரால் நிற்க முடியவில்லை. தகுதி பெற்ற நடுவர் ஒருவர் கிடைக்காவிட்டால் ஆட்டத்தையே நிறுத்திவிட வேண்டியதுதான். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது: கூட்டத்தில் நடுவர் சான்றிதழ் வைத்திருப்பவர் யாராவது இருக்கிறீர்களா?

ஒருவர் எழுந்து வருகிறார். நீண்ட முகவாய்க்கட்டை, ஒதுக்கி வெட்டிய தாடி. டிராக்சூட்டை மாட்டிக்கொண்டு, கொடியை வாங்கிக்கொண்டு, கோட்டோரமாக ஓடத் தொடங்குகிறார். யாரென்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தொலைக்காட்சியில் கால்பந்து பற்றிப் பேசும் மனிதர் அவர்.

[திரையில்: ஜிம்மி ஹில்லின் முகம். அருகில்: 1928 – 2015]

பெயர் ஜிம்மி ஹில். ஆட்டக்காரர், தொழிற்சங்கத் தலைவர், மேனேஜர், கிளப் முதலாளி, தொலைக்காட்சி அதிகாரி, தொகுப்பாளர், விமர்சகர், அந்த ஒரு பிற்பகலுக்கு மட்டும் கோட்டு நடுவர். கால்பந்தில் இத்தனை நாற்காலிகளிலும் உட்கார்ந்து எழுந்த இன்னொருவரை எனக்குத் தெரியாது. எங்காவது ஓர் இடம் காலியாக இருந்தால் இவருக்குக் கால் தரிக்காது, போய் நின்றுவிடுவார். அது பல நேரம் நன்மையில் முடிந்தது. சில நேரம், போகக் கூடாத இடத்துக்கும் போனார்.

[திரையில்: தெற்கு லண்டன் வரைபடம். பாலம் (Balham) பகுதி.]

தெற்கு லண்டனில் பாலம் என்ற பகுதியில் பிறந்தவர். அப்பா வீடு வீடாகப் பாலும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தவர். மகன் 1949-இல் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பில் சேர்ந்தார். 1952-இல் ஃபுல்ஹாமுக்கு மாறினார். ஆட்டத்தில் மேதை என்று யாரும் சொல்லவில்லை. அந்த அணியில் மேதை ஜானி ஹேன்ஸ். ஹில் ஓயாமல் ஓடுகிறவர், அவ்வளவுதான். ஆனாலும் 1958-இல் டான்காஸ்டர் ரோவர்ஸுக்கு எதிராக, அவர்கள் மைதானத்திலேயே, ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டார்.

அவருடைய உண்மையான ஆட்டம் மைதானத்துக்கு வெளியே நடந்தது.

[திரையில்: இருபது பவுண்டு, எண்ணாக. பக்கத்தில் நிரம்பி வழியும் பார்வையாளர் படிக்கட்டுகள்.]

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கால்பந்துக்காரருக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. ஆட்டக் காலத்தில் வாரத்துக்கு 20 பவுண்டு, கோடை விடுமுறையில் 17. அதற்கு மேல் ஒரு கிளப்பும் கொடுக்கக் கூடாது. வாராவாரம் அரங்கம் நிரம்புகிறது, டிக்கெட் விற்கிறது, ஆனால் யாரைப் பார்க்க அந்தக் கூட்டம் வருகிறதோ அவருக்கு ஒரு நல்ல தொழிற்சாலைத் தொழிலாளியின் கூலிதான்.

ஹில் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரானார். சங்கத்தின் பெயரைத் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கம் என்று மாற்றினார். பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 'கூலிக்காரர்கள்' அல்ல, 'தொழில் வல்லுநர்கள்' என்று முதலாளிகள் காதில் விழ வேண்டும் என்பதே கணக்கு.

1961 தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்வதா என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். மான்செஸ்டர் கூட்டத்தைப் பற்றி இன்றும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. கீழ்மட்ட லீக்கில் ஆடும் ஓர் இளைஞர் எழுந்து, என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்கிறார், நாம் அவரைவிட அதிகம் கேட்பது நியாயமா என்றாராம். போல்டன் அணியின் டாமி பேங்க்ஸ் எழுந்தார். அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். உன் அப்பாவின் வேலையை நான் செய்கிறேன், அவர் சனிக்கிழமை மதியம் வந்து இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸைத் தடுத்து ஆடட்டும் பார்ப்போம் என்கிற பாணியில் பேசினாராம். கூட்டம் சிரித்தது. வாக்கு வேலைநிறுத்தத்தின் பக்கம் விழுந்தது.

வேலைநிறுத்தத்துக்குத் தேவை வரவில்லை. ஜனவரி 18 அன்று லீக் இறங்கிவந்தது, உச்சவரம்பு ஒழிந்தது. சில மாதங்களில் ஜானி ஹேன்ஸ் வாரத்துக்கு 100 பவுண்டு வாங்கும் முதல் ஆங்கிலேய ஆட்டக்காரர் ஆனார். ஹில்? அதே ஆண்டு முழங்கால் காயத்தோடு ஆட்டத்தை விட்டார். தான் வாங்கிக் கொடுத்த சம்பளத்தை அனுபவிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

[திரையில்: வான்நீலம் மெல்லத் திரையை நிரப்புகிறது.]

1961 நவம்பரில் காவன்ட்ரி. போரில் குண்டுகளால் சிதைந்து, கார் தொழிற்சாலைகளால் மீண்டெழுந்த நகரம். அதன் கிளப் மூன்றாவது டிவிஷனில் கிடந்தது. கோப்பைப் போட்டியில் லீக்கிலேயே இல்லாத கிங்ஸ் லின் என்கிற அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்றது. அந்த அவமானத்தின் கையோடு ஹில் மேனேஜராக வந்து சேர்ந்தார்.

சட்டையின் நிறத்தை வான்நீலமாக மாற்றினார், 'ஸ்கை ப்ளூஸ்' என்று பெயர் வைத்தார். ஈட்டன் பள்ளியின் படகுப் பாட்டு மெட்டில் கிளப்புக்கென்று ஒரு பாட்டு உருவாக்கினார். வெளியூர் ஆட்டங்களுக்கு ரசிகர்களுக்காகத் தனி ரயில் விட்டார். மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சோடாவும் உருளை வறுவலும் கொடுத்து ஆட்டக்காரர்களோடு பழக விட்டார். இதெல்லாம் இன்று எந்தக் கிளப்பும் செய்கிற வேலை. அன்று, ஆட்டக்காரன் ஆட வேண்டும், ரசிகன் காசு கொடுத்துவிட்டு மழையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் உறவு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 1965 அக்டோபரில் செய்த வேலை. ஆட்டம் நடப்பது வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில். காவன்ட்ரி மைதானத்தில் பெரிய திரைகளைக் கட்டி, கேபிள் வழியாக அந்த ஆட்டத்தை நேரடியாகக் காட்டினார். காலி மைதானத்தில் திரையைப் பார்க்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். மேனேஜராக இருந்துகொண்டே அவர் மனத்தளவில் தொலைக்காட்சிக்காரராகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அணியும் சும்மா இருக்கவில்லை. 1964-இல் மூன்றாவது டிவிஷன் பட்டம். 1967-இல் இரண்டாவது டிவிஷன் பட்டம். வுல்வ்ஸ் அணியுடனான ஆட்டத்துக்கு 51,455 பேர் திரண்டார்கள். கிளப் வரலாற்றில் முதன்முறையாக முதல் டிவிஷன். சீசன் தொடங்கும் தறுவாயில் ஹில் விலகிவிட்டார். ஊரே வாயடைத்து நின்றது.

[திரையில்: பழைய தொலைக்காட்சிப் பெட்டி. அதனுள் நான்கு நாற்காலிகள்.]

போன இடம் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சி வலையமைப்பு. அதன் நிறுவனங்களில் ஒன்றான லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவரானார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவர் செய்த ஒரு மாற்றத்தை நீங்கள் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறீர்கள், யார் தொடங்கியது என்று தெரியாமலே. அதுவரை நிலையத்தில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து மரியாதையாகக் கருத்துச் சொல்வார்கள். ஹில் நான்கு பேரை உட்கார வைத்தார்: மால்கம் ஆலிசன், பேட் கிரெராண்ட், டெரெக் டூகன், பாப் மெக்நாப். மெக்நாப் இங்கிலாந்து அணியின் இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்காமல் திரும்பியவர். ஹில்லும் வர்ணனையாளர் பிரையன் மூரும் நடத்த, நால்வரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள், சண்டை போட்டார்கள், வெளிநாட்டு அணிகளைக் கிண்டல் செய்தார்கள். டீக்கடைப் பெஞ்சு அப்படியே திரைக்கு வந்தது போல. அன்று பிபிசியை ஐடிவி கலங்கடித்தது.

1973-இல் பிபிசியே அவரை அழைத்துக்கொண்டது. சனிக்கிழமை இரவு 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியின் தொகுப்பாளர், 1988 வரை. அதன் பிறகு இன்னும் பத்தாண்டுகள் விமர்சகர். மெதுவாக ஓடும் மறுஒளிபரப்பை நிறுத்தி நிறுத்தி, இவன் இங்கே நின்றிருக்க வேண்டும், அவன் அங்கே ஓடியிருக்க வேண்டும் என்று வாத்தியார் போல விளக்குவார். வாத்தியாரைப் பிள்ளைகள் விடுவார்களா? யாராவது புளுகினால் முகவாய்க்கட்டையைத் தடவிக்கொண்டு 'ஜிம்மி ஹில்' என்று சொல்வது பிரிட்டன் பள்ளிக்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. நம்பவில்லை என்று அர்த்தம்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் சிரிக்கவில்லை, முறைத்தார்கள். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக டேவிட் நேரி அடித்த அபாரமான கோலை, கால் நுனியால் தள்ளியது என்று ஹில் சொல்லிவிட்டார். பிரேசில் நான்கு கோல் திருப்பிப் போட்டதை மன்னித்த ஸ்காட்லாந்து, இந்த ஒரு சொல்லை மன்னிக்கவில்லை. அவரைத் திட்டித் தனிப் பாட்டே பாடினார்கள். அவர் அதை ரசித்ததாகவே தெரிகிறது.

[திரையில்: புள்ளிப் பட்டியல். வெற்றி 2, சமன் 1.]

இப்போது அந்த மூன்று புள்ளிக்கு வருவோம். முன்பு வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று. சமனில் முடித்தால் பாதி வெற்றி கையில். வெளியூர் அணி வந்து தன் கோல் வாசலிலேயே கூடாரம் அடித்துவிடும். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி. வெற்றிக்கு மூன்று கொடுத்தால்? இரண்டு ஆட்டங்களையும் சமனில் முடித்தவனுக்கு இரண்டு புள்ளி. ஒன்றில் தோற்று ஒன்றில் வென்றவனுக்கு மூன்று. துணிகிறவனுக்கு லாபம். ஹில் விடாமல் வாதாடி இதை 1981-இல் இங்கிலாந்து லீக்கை ஏற்க வைத்தார். 1994 உலகக் கோப்பையில் ஃபிஃபாவும் ஏற்றது.

சமனின் விலையைக் குறைத்த அதே மனிதர், அதற்கு நான்கு ஆண்டு முன்பு ஒரு சமனால் பிழைத்தவர் என்பதுதான் வேடிக்கை.

1975-இல் அவர் காவன்ட்ரிக்கு நிர்வாக இயக்குநராகத் திரும்பியிருந்தார். ஆமாம், சனிக்கிழமை இரவு நாட்டுக்கே நடுநிலையாகக் கால்பந்து சொல்கிறவர், மற்ற நாட்களில் ஒரு கிளப்பை நடத்துகிறார். இன்று இதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அன்றும் அனுமதித்திருக்கக் கூடாது.

[திரையில்: மூன்று கிளப்புகளின் பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் 34.]

1977 மே 19. சீசனின் கடைசி இரவு. காவன்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி, சண்டர்லேண்ட், மூன்றுக்கும் தலா 34 புள்ளி. ஒன்று கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். காவன்ட்ரியும் பிரிஸ்டலும் நேருக்கு நேர். சண்டர்லேண்ட் எவர்ட்டன் மைதானத்தில். வெளியே கூட்டம் இன்னும் உள்ளே வந்து சேரவில்லை என்று காரணம் சொல்லி, காவன்ட்ரி ஆட்டம் சில நிமிடங்கள் தாமதமாகத் தொடங்கியது. காவன்ட்ரி இரண்டு கோல் முன்னிலை பெற்றது, பிரிஸ்டல் இரண்டையும் திருப்பியது. 2-2. அப்போது எவர்ட்டன் ஆட்டம் முடிந்துவிட்டது: சண்டர்லேண்ட் 2-0 என்று தோற்றுவிட்டது. ஹில் அந்த முடிவை மைதானத்தின் மின்பலகையில் போடச் சொன்னார்.

பலகையைப் பார்த்த இரண்டு அணிகளுக்கும் கணக்குப் புரிந்தது. சமன் ஆனால் இருவரும் தப்பிக்கலாம். மிச்சமிருந்த நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு இருந்தார்கள், யாரும் யாரையும் துரத்தவில்லை. சண்டர்லேண்ட் இறங்கியது. விசாரணை நடந்தது. முடிவு மாறவில்லை.

[திரையில்: வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.]

1981-இல் காவன்ட்ரி மைதானத்தில் நின்று பார்க்கும் படிகளை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் இருக்கை போட்டார். இங்கிலாந்தில் அப்படி முதல் மைதானம். உட்கார்ந்திருப்பவன் ரகளை செய்ய மாட்டான் என்று நம்பினார். லீட்ஸ் ரசிகர்கள் வந்து அந்த இருக்கைகளையே பிடுங்கி எறிந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. அவர் போனதும் நிற்கும் இடத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 உயிர்கள் போன பிறகு, பெரிய கிளப்புகள் அனைத்தும் இருக்கை போட வேண்டியதாயிற்று.

சவூதி அரேபியாவில் கால்பந்தை வளர்க்க ஒப்பந்தம், அமெரிக்காவில் டெட்ராய்ட் எக்ஸ்பிரஸ் அணி, அங்கே பண நஷ்டம் என்பதெல்லாம் தனிக் கதை. தென்னாப்பிரிக்காவைத் தாண்டிப் போக முடியாது. 1982-இல், நிறவெறி ஆட்சி நடக்கும் நாட்டுக்கு, ஃபிஃபா விலக்கிவைத்த நாட்டுக்கு, ஒரு கால்பந்துப் பயணத்தை ஏற்பாடு செய்தார். கறுப்பின ரசிகர்களின் கிளப்புகள் ஒத்துழைக்கவில்லை, பயணம் பாதியிலேயே நின்றது. ஆட்டக்காரனின் உரிமைக்காக நின்றவர் அங்கே யாருடைய பக்கம் நிற்கிறோம் என்று யோசிக்கவில்லை. 2004-இல் சக விமர்சகர் ஒருவரின் இனவெறிச் சொல்லை, தன் முகவாயைக் கிண்டல் செய்வதோடு ஒப்பிட்டு அவர் சமாதானம் சொன்னபோதும் அதே குருட்டுத்தனம் தெரிந்தது.

[திரையில்: தேம்ஸ் நதிக்கரை. கிரேவன் காட்டேஜ்.]

1987-இல் ஃபுல்ஹாமைப் பக்கத்துக் கிளப்பான கியூபிஆருடன் இணைத்துவிட, ஆற்றங்கரை மைதானம் கைவிட்டுப் போக, திட்டம் தீட்டினார்கள். தலைவராக வந்து கிளப்பைக் காப்பாற்றியவர் ஹில். 2011-இல் காவன்ட்ரி அவருக்குச் சிலை வைத்தது. அதற்குள் அல்சைமர் நோய் அவர் நினைவுகளை அரிக்கத் தொடங்கியிருந்தது. 2015 டிசம்பர் 19 அன்று, 87 வயதில் இறந்தார்.

2008-இல் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அதே ஃபுல்ஹாம் மைதானம். தான் ஆடிய இடம், தான் காப்பாற்றிய இடம். எண்பதைத் தொடப்போகும் வயதில் ஹில் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். எதிரணி சண்டர்லேண்ட். வெளியூர் ரசிகர்களின் கண்ணில் அந்த முகவாய்க்கட்டை பட்டுவிட்டது. வசை கிளம்பியது. மைதான ஊழியர்கள் அவரைச் சூழ்ந்து, பத்திரமாக வெளியே அழைத்துப் போனார்கள்.

மின்பலகை எரிந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. கத்தியவர்களில் பலர் 1977-இல் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

[திரை இருள்கிறது.]