கிழங்கும் மீனும் சாப்பிடலாமா?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும், சுகரெல்லாம் பெத்தா போயிரும்" என்று பெரியவர்கள் தட்டை நிரப்புவார்கள். இல்லாவிட்டால் அந்தப் பெண் பயந்து பட்டினி கிடப்பாள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்தப் பட்டினிதான்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மாமியாரோடு வந்திருந்தாள். "பாருங்கம்மா, சோத்தக் கண்டாலே பயப்படுதா" என்றார் மாமியார். வெள்ளரிக்காயும் மோரும்தான் அவள் சாப்பாடு. சிறுநீரில் கீட்டோன் தெரிந்தது. மாவுச்சத்து போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

இந்தச் சர்க்கரை வருவது நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களால். அவை இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. தாயின் ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை அளவுக்கு மீறிப் பருக்கும். பிறந்த கையோடு அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும். அதற்காகச் சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, நடுவில் இரண்டு மூன்று தடவை சிறிதாகச் சாப்பிட்டால் போதும்.

சரி, மரச்சீனிக் கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு வருவோம். அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டு நம் மாவட்டத்தில் நான் நடமாட முடியாது! கிழங்கும் மாவு, சோறும் மாவு. சோறு தின்றுவிட்டு, பிறகு மீன்குழம்போடு கிழங்கு என்றால் ஒரே வேளையில் இரண்டு சாப்பாடு. கிழங்கு வைத்த அன்று அந்த வேளைக்குச் சோறு வேண்டாம். நாலைந்து சிறு துண்டு கிழங்கு, பக்கத்தில் தாராளமாகச் சாளையோ நெத்தோலியோ, ஒரு கை முருங்கைக்கீரைத் துவரன். மீனில் மாவுச்சத்து கிடையாது. குழம்பாக வைத்தால் எண்ணெயும் மிச்சம்.

கஞ்சி குடிப்பவர்கள் அதைக் குழைய விடாமல், சிறுபயறு சேர்த்துச் சாப்பிடுங்கள். வெறும் கஞ்சி சீக்கிரம் செரித்துச் சர்க்கரையைச் சட்டென ஏற்றிவிடும். புட்டுக்கும் கடலைக்கறியோ பயறோதான் நல்ல ஜோடி; பழத்தையும் சீனியையும் போட்டுப் பிசைவது இப்போதைக்கு வேண்டாம். மட்டிப்பழம் சிறியதாக ஒன்று, சாப்பாட்டோடு இல்லாமல் இடைவேளையில். பழுத்த நேந்திரன் என்றால் பாதி.

இன்னொரு நம்பிக்கை, கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்பது. ருசியில் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். அக்கானியும், அதாவது பதநீரும் அப்படியே. ஏழாம் மாதம் பார்க்க வருகிறவர்கள் முந்திரிக்கொத்து மாதிரி இனிப்புப் பலகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நல்ல மீன் வாங்கி வந்தால் நான் கும்பிடுவேன்.

சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் தவிர. ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே. இதுதான் பொதுவான இலக்கு. இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் இறங்காவிட்டால் மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ தரலாம். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது, பயப்பட வேண்டாம். ஊசி போட்டாச்சே என்று பாயசம் குடிப்பதும் வேண்டாம். ஊசியைப் பார்த்துவிட்டு, "நீ வாய்க்கு ருசியாத் தின்னதுதான் காரணம்" என்று அவளைக் குத்திக்காட்டுவதையும் வீட்டில் நிறுத்துங்கள்.

பேறு முடிந்ததும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். அதனாலேயே பலர் ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வருவதில்லை. பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம் என்பதால் அதை விடக் கூடாது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவதும் ஆறாவது வாரத்தில்தான். அன்றைக்கே உங்களுக்கும் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் கூடவே கூட்டிப் போங்கள்.