சரபோஜி மன்னர் எழுதிய ஒரு கடிதம்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி என்றதும் சரஸ்வதி மகால் நூலகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நியாயம்தான். ஆனால் இன்று நான் பேச வந்தது, 1801-ல் அவர் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்குத் தஞ்சையில் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி.

முதலில் அவர் இருந்த நிலையைச் சொல்லிவிடுகிறேன். துளஜா மன்னர் சாகும் தறுவாயில் பத்து வயதுப் பிள்ளையான சரபோஜியைத் தத்தெடுத்தார். ஆனால் அரியணை துளஜாவின் தம்பி முறையான அமர்சிங் கைக்குப் போயிற்று. பிள்ளைக்குக் காவலாக நின்றவர் சுவார்ட்ஸ் பாதிரியார். 1798 ஜூனில் சரபோஜிக்குப் பட்டம் சூட்டியபோது அதைப் பார்க்கப் பாதிரியார் இல்லை, பிப்ரவரியிலேயே கண்மூடிவிட்டார். மறு ஆண்டே ஒப்பந்தம். ஆளும் உரிமை கும்பினிக்கு. மன்னருக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன் பொன்னும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். அப்போது அவருக்கு வயது 22.

நாடு போன பிறகு அந்த இளைஞர் எதற்காக மன்றாடினார் தெரியுமா? சத்திரங்களுக்காக! அவற்றின் பொறுப்பு தன்னிடமே இருக்க வேண்டும் என்று கேட்டு, அங்கே நடப்பதையெல்லாம் வரிசையாக எழுதுகிறார். எந்தச் சாதியார் வந்தாலும் சோறு உண்டு. வழியில் நோய்ப்பட்டவருக்கு மருந்தும் பத்தியமும் உண்டு. குணமாகும் வரை மரியாதையோடு கவனிப்பார்கள். விஷக்கடிக்கு வைத்தியர் இருக்கிறார். கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம் பார்ப்பார்கள். குழந்தைகளுக்குப் பால் கொடுப்பார்கள். வழிப்போக்கர் இறந்துபோய்ப் பிள்ளை தனித்து நின்றால், அதை வாத்தியாரிடம் ஒப்படைத்து, மூன்று வேளை சோறு போட்டு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துவிடுவார்களாம்.

எண்ணெய் தேய்ப்பதை ஒரு மன்னர் அரசாங்கக் கடிதத்தில் எழுதுகிறார்! சிறு வயதில் ஆதரவற்று நின்றவர் அவர். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அவரைப் பற்றிய எல்லாமே எனக்கு உவப்பு என்று சொல்ல மாட்டேன். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட கடற்கரையில் மனோரா என்ற எட்டு அடுக்குக் கோபுரம் எழுப்பினாரே, அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஆனால் அதே மனிதர் தேவநாகரி எழுத்துகளை வார்த்து அச்சகம் வைத்தார், காசி யாத்திரை போய் ஏடுகளோடு திரும்பினார். 1826-ல் அவரைச் சந்தித்த ஹீபர் பேராயர், வேதியியல் அறிஞர் லவாய்சியரையும் தாவரவியல் அறிஞர் லின்னேயசையும் மன்னர் சரளமாக மேற்கோள் காட்டியதைக் கண்டு வியந்தார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய கண் வைத்தியக் குறிப்புகள். அவருடைய மருத்துவச் சாலையான தன்வந்திரி மகாலில் நம் மூலிகையையும் மேல்நாட்டு வைத்தியத்தையும் சேர்த்தே பயின்றார்கள். கண் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பு எழுதினார்கள். கூடவே, புகைப்படம் இல்லாத அந்தக் காலத்தில், நோயுற்ற கண்ணை ஓவியரைக் கொண்டு வண்ணத்தில் தீட்டி வைத்தார்கள். அந்தத் தாள்கள் தஞ்சையில் இருக்கின்றன. சிவந்த கண்ணும் புரை விழுந்த கண்ணுமாக, யாரோ குடியானவர்கள் அவற்றிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.