குடல்வால் வலி எப்பவும் வலது பக்கமே வரணும்னு இல்ல

வணக்கம் நேயர்களே. வீட்ல யாருக்காச்சும் வயித்து வலின்னா வலது அடிவயித்துல அமுக்கிப் பார்த்து, வலிக்கலையா, அப்பாடா அப்பெண்டிக்ஸ், அதான் குடல்வால் வீக்கம், இல்ல, கேஸ்தான்னு ஓமத் தண்ணி குடுத்துடுறோம். அந்த அப்பாடா எனக்கு ரொம்ப நாளா பயம் குடுக்குற விஷயம்.

குடல்வால் தொடங்குற இடம் ஒண்ணுதான், ஆனா நுனி எந்தப் பக்கம் வேணா திரும்பி இருக்கும். பெருங்குடலுக்குப் பின்னாடி மடங்கியிருந்தா முன்னாடி அமுக்குனா பெருசா வலிக்காது, முதுகுப் பக்கம் வலிக்கும், கிட்னி கல்லுன்னு நினைப்பாங்க. அந்த மாதிரி ஆளு வலது முழங்காலை மடக்கியே படுத்திருப்பாரு, இடது பக்கமா ஒருக்களிக்க வெச்சு அந்தக் காலைப் பின்னால கொண்டுபோனா துடிச்சிடுவாரு. இடுப்புக்குழிக்குள்ள இறங்கியிருந்தா அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பேதி வரும், யூரின் இன்ஃபெக்‌ஷன்னு மாத்திரை ஓடிட்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கு வலி மேல விலாகிட்ட வரலாம். உள்ளுறுப்பெல்லாம் பக்கம் மாறிப் பிறந்தவங்களுக்கு இடது பக்கமே வரும். வயசானவங்களுக்கு வலி, காய்ச்சல் ரெண்டுமே கம்மியா இருக்கும், உள்ள குடல்வால் வெடிச்சே போயிருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1735-ல லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில நடந்தது. பதினோரு வயசுப் பையன், குடலிறக்கம், அதோட தொடையில சீழ் வடியுற புண்ணு. கிளாடியஸ் ஆமியாண்ட்னு ஒரு சர்ஜன், ராஜாவோட சர்ஜனும் அவர்தான், திறந்து பார்க்குறாரு, இறங்கி வந்திருக்குறது குடல்வால், அதைக் குத்தி ஓட்டை போட்டிருக்கு ஒரு குண்டூசி, பையன் எப்பவோ முழுங்குனது, அதைச் சுத்தி கல்லு மாதிரி படிஞ்சிருக்கு. மயக்க மருந்து வர்றதுக்கு நூறு வருஷத்துக்கு மேல இருக்குங்க! கிட்டத்தட்ட அரை மணி நேரம் அந்தப் பையன் முழு நினைவோட தாங்கியிருக்கான், பொழைச்சும் வந்துட்டான். பதிவான முதல் குடல்வால் ஆபரேஷன் அதுதான். பாருங்க, முதல் கேஸே வழக்கமான இடத்துல இல்ல! இன்னிக்கும் குடலிறக்கத்துக்குள்ள குடல்வால் இருந்தா அவர் பேரைத்தான் சொல்றோம்.

அதனால திரும்பவும் சொல்றேன், இடத்தை மட்டும் நம்பாதீங்க, வலி வந்த வரிசையைப் பாருங்க. பெரும்பாலும் முதல்ல தொப்புளைச் சுத்தி மந்தமா வலி, அப்புறம் சாப்பாடே பிடிக்காது, வாந்தி, அப்புறம்தான் ஒரு பக்கமா போய் நிக்கும், இருமுனா நடந்தா சுருக்குன்னு இழுக்கும். எங்க நின்னாலும் சரி, விடாம வலிச்சா டாக்டர்கிட்ட போங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, நேரம் ஆச்சு, ஆபரேஷன் பத்தி வேகமா சொல்லிடுறேன். இடம் மாறியிருக்குற கேஸுக்கு லேப்ராஸ்கோப்பி நல்லது, கேமரா வழியா வயிறு முழுக்கத் தேடலாம். கர்ப்பிணிக்கு ஸ்கேன், தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ., உறுதியான பிறகு தள்ளிப்போடக் கூடாது, வெடிச்சா குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். சீழ் கட்டியிருந்தா பல நேரம் முதல்ல டியூப் வெச்சு எடுத்துட்டு ஆன்டிபயாடிக் குடுப்போம், நாப்பது தாண்டினவங்களுக்கு அப்புறமா பெருங்குடலையும் உள்ள பார்த்துடணும், சில சமயம் புற்றுநோய்க் கட்டி ஒளிஞ்சிருக்கும். கடைசியா ஒண்ணு, வயித்து வலி இருக்கும்போது விளக்கெண்ணெய், எனிமா குடுக்காதீங்க. வணக்கம்.