வயல் வருமானமும் வரிக் கணக்கும்

(கும்பகோணத்தில் பென்ஷன்காரர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் பிறந்தால் பாலிசி பிடிப்பவர் வாசலுக்கு வந்துவிடுவார். "சார், ஒன்றரை லட்சம் போடுங்க, வரி மிச்சம்" என்பார். உட்காரவைத்துக் காபி கொடுங்கள், கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். பாலிசிக்குக் கிடைக்கும் அந்தக் கழிவு வருமான வரியின் பழைய முறையில்தான் உண்டு. புதிய முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளமோ பென்ஷனோ வாங்குபவருக்கு அதற்கு மேல் 75,000 ரூபாய் நிலைக்கழிவு, அதாவது செலவுச் சீட்டு காட்டாமலே கழிப்பது. நிலமோ பங்கோ விற்ற லாபத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. வராத வரியை மிச்சம் பிடிக்க எதற்குப் பாலிசி? வீட்டுக்கடன் வட்டி கட்டுபவர்கள் இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்கலாம்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். இங்கே பாதிப் பேருக்கு ஆறு மா, பத்து மா நிலம் இருக்கும். ஓர் ஆசிரியர் மஞ்சள் பையில் நெல் கொள்முதல் நிலைய ரசீதுகளைக் கட்டிக்கொண்டு வந்தார். "விவசாயத்துக்குத்தான் வரி இல்லையே, எதுக்குங்க காட்டணும்?" என்றார். வரி இல்லை என்பது உண்மை. ஆனால் 5,000 ரூபாய்க்கு மேல் போனால் மற்ற வருமானத்துக்கு வரி விகிதம் பார்க்க அதையும் சேர்ப்பார்கள். கழிவு போக அவருக்குச் சம்பளம் 14 லட்சம், வயலில் வந்தது ஒரு லட்சம். சம்பளத்துக்கு மட்டும் வரி 90,000. வயலையும் சேர்த்தால் வரி ஒரு லட்சம், வரியின் மேல் போடும் செஸ் தனி. பத்தாயிரம் கூடுகிறதே என்று அவருக்கு முகம் வாடியது. உழவுக்கூலி, நடவுக்கூலி, உரச்செலவு எதற்கும் அவர் சீட்டு வைத்திருக்கவில்லை. அதைக் கழித்தாலே அந்த ஒரு லட்சம் இறங்கியிருக்கும். நெல், குத்தகை, நாற்றங்கால் எல்லாம் விவசாய வருமானம். மாட்டுப்பால் சேராது, அதில் பலர் ஏமாறுகிறார்கள்.

அப்புறம் நிலம் விற்பது. தஞ்சாவூர், கும்பகோணம் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் விற்ற லாபத்துக்கு வரி உண்டு. தூரத்தை ரோட்டு வழியாக அளக்க மாட்டார்கள், நேர்கோட்டில்தான். அதைத் தாண்டிய கிராமத்து வயலுக்கு வரி கிடையாது. உள்ளே இருந்தாலும் வழி இருக்கிறது. விற்பதற்கு முந்தைய 2 ஆண்டுகள் நீங்களோ உங்கள் அப்பா அம்மாவோ சாகுபடி செய்திருந்து, விற்ற 2 ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கு லாபத்தில் விலக்கு. ரிட்டன் போடும் கெடுவுக்குள் நிலம் அமையவில்லையா? பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவையுங்கள். புதிய நிலத்தை 3 ஆண்டுக்குள் விற்கக் கூடாது.

சாகுபடி செய்ததற்குச் சாட்சி அடங்கல்தான், அதாவது கிராமக் கணக்கில் உள்ள பயிர்ப் பதிவு. கொண்டு வந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், பார்த்துவிடலாம்.