கணினி விசிறி இரைகிறதா? சத்தத்தைக் கொண்டே காரணத்தைக் கண்டறியலாம்

வணக்கம். மேசைக் கணினியின் விசிறி இரையத் தொடங்கியதும் புது விசிறி வாங்கக் கிளம்பிவிடாமல், சிறிது நேரம் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். காற்று இரைகிறதா, ஏதாவது உரசுகிறதா, விசிறியின் அச்சைத் தாங்கும் பேரிங் கரகரக்கிறதா என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

[காட்சி: மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றுகிறோம்.]

காற்று இரையும் சத்தம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் விசிறியில் பழுதிருக்காது. பிராசசர் சூடேறுவதால் மதர்போர்டு (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகை) விசிறியை வேகமாகச் சுழற்றுகிறது. வேகம் பாதியாகக் குறைந்தால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் தணியும் என்பதால், சூட்டைக் குறைப்பதே இதற்கு மருந்து.

[காட்சி: பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கிலிருந்து விசிறி தனியே எடுக்கப்படுகிறது.]

மேலிருந்து பார்க்கும்போது இறக்கைகள் சுத்தமாகத் தெரியலாம். விசிறியைக் கழற்றிப் பார்த்தால்தான், காற்று புகும் இடத்தில் ஹீட்சிங்க் தகடுகளின் விளிம்பை மூடிக்கொண்டு தூசி கம்பளித் துணிபோல் படிந்திருப்பது தெரியும். அதைச் சிறு பிரஷால் தளர்த்தி, புளோயரால் ஊதி எடுக்கலாம். ஊதும்போது இறக்கையை விரலால் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறான வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் கெடும், வயர் மதர்போர்டில் செருகியிருந்தால் விசிறி மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி அதற்குள் அனுப்பவும் கூடும். தூசி நீங்கிய பிறகும் சூடு தணியாவிட்டால், பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக இடுங்கள்.

'டக்டக்' என்று சீராகக் கேட்டால், ஏதோ ஒரு வயர் இறக்கையைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். அதை ஒதுக்கிக் கட்டினால் போதும்.

கரகரப்புதான் கவலைக்குரியது. கணினியைப் போட்டவுடன் பலமாகக் கேட்டுச் சில நிமிடங்களில் அடங்கினால், ஸ்லீவ் பேரிங்கில் (எண்ணெய்ப் பூச்சில் அச்சு சுழலும் குழாய் வகை பேரிங்) எண்ணெய் வற்றிவருகிறது என்று கொள்ளலாம். நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடும் வழக்கம் உண்டு. சிறிது காலம் சத்தம் அடங்குமே தவிர, தேய்ந்த பேரிங் அதனால் சரியாகிவிடாது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை மட்டும் விட வேண்டாம். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும்.

எந்த விசிறி என்று புரியாவிட்டால், கணினியை அணைத்து, கேபினட் விசிறிகளின் இணைப்பை ஒவ்வொன்றாக எடுத்துச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பிராசசர் விசிறியை இப்படிக் கழற்றி ஓட்டக் கூடாது. சத்தம் கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையிலிருந்து வந்தால் அதன் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை முழுதாக மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

[காட்சி: பழைய விசிறியின் சட்டம் அளவுகோலால் அளக்கப்படுகிறது.]

புது விசிறி வாங்கும் முன் பழையதன் சட்டத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்து, 80, 92, 120, 140 மில்லிமீட்டரில் எது என்று பாருங்கள். வயர் முனையில் 3 பின்னா, 4 பின்னா என்பதையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.