தளவாடங்களுக்குள் ஒளிந்த ராஜா

(கோத்தகிரியில், மலைச் சபைகளின் வாலிபர் கூடுகையில் பேசியது)

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கோயம்புத்தூர், திருப்பூரிலிருந்து லீவு போட்டு மலையேறி வந்த தம்பிகளையும், கூடலூர், பந்தலூர்ப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த தங்கைகளையும் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நான் யார்?’ என்பது. இந்த மலையில் அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் நின்ற, இந்திய வம்சாவளியான நம் ஜனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்படி இந்தியாவுக்கு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் ஆரம்பமானது. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதுதான். இங்கே உட்கார்ந்திருக்கிற பலருடைய தாத்தா பாட்டி அந்த வழியாக வந்தவர்கள். அங்கே ‘இந்தியாக்காரன்’ என்றார்கள், இங்கே வந்ததும் ‘சிலோன்காரன்’ என்றார்கள். இன்றைக்குப் பேரப்பிள்ளையிடம் ஹாஸ்டலில் ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால், ‘ஊட்டி’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான். தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்தப் பிள்ளையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பிறக்கும்போதே அவன் அந்த வெட்கத்தோடு பிறக்கவில்லை. பார்த்தவர்கள் பார்த்த பார்வை அது.

சாயங்காலம் இலை நிறுக்கிற இடத்தில் நின்றிருப்பீர்கள். சாக்கைத் தராசில் மாட்டுவார்கள், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், மீதியை நோட்டில் எழுதுவார்கள். கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளந்தான் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். இலைக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் நம்மில் எத்தனை பேர் தினமும் நாமே போய் அடுத்தவர் தராசில் தொங்குகிறோம்! மார்க், சம்பளம், நிறம், இங்கிலீஷ், ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வரைக்கும்.

வேதத்தில் இதற்கு இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலைப் போல் ஓர் உதாரணம் கிடையாது. ஜனங்கள் எல்லாரும் அவன் தோள் உயரந்தான் இருந்தார்கள். அவ்வளவு வளர்ந்த மனுஷனை ராஜாவாக அறிவிக்கும் நாளில் தேடினால் ஆளைக் காணோம். தளவாடங்களுக்குள், மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவே, போய் ஒளிந்துகொண்டிருக்கிறான். ‘எவ்வளவு தாழ்மை’ என்று இதைப் பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1 சாமுவேல் 15-க்கு வாருங்கள். அதே சவுல் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். கர்த்தர் அழிக்கச் சொன்ன அமலேக்கியரின் ஆடுமாடுகளை ஏன் தப்பவிட்டாய் என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டதற்கு, கடைசியில் உண்மை வெளியே வருகிறது: “ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்.” அன்றைக்கு ஒளிய வைத்ததும் இன்றைக்குத் தூண் நாட்ட வைத்ததும் ஒரே பயம். கூச்சப்பட்டுக் கடைசி பெஞ்சில் பதுங்குகிறவனும், மைக்கை விடாமல் பிடித்துக்கொள்கிறவனும் பல சமயம் ஒரே நோயாளிகள்தான். இரண்டு பேருக்கும் பார்க்கிற கண்கள்தான் எஜமான்.

இதைவிட வேதனையான வசனம் முப்பதாவது. “நான் பாவஞ்செய்தேன்” என்று சொன்ன அதே வாயால், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கெஞ்சுகிறான். ராஜ்யம் கை நழுவிவிட்டது. அப்போதும் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதே கவலை. பிறகு, சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று ஸ்திரீகள் ஒரு பாட்டுப் பாடியதும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. தாவீதும் பாவம் செய்தவன்தான், சவுலைவிட அசிங்கமான பாவம். ஆனால் ஐம்பத்தோராம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள். தீர்க்கதரிசி நாத்தான் வந்து கண்டித்த விஷயத்தை அதிலேயே எழுதி, இராகத்தலைவன் கையில் கொடுத்திருக்கிறது. தன் அறிக்கையைச் சபையார் பாடினாலும் தாவீதுக்குச் சரி. கர்த்தர் தன்னைத் தள்ளிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

சரி, நாம் எதன்மேல் நிற்பது? இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தானுக்கு வாருங்கள். “நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்று வானத்திலிருந்து சத்தம் வந்தபோது இயேசு ஒரு குஷ்டரோகியையும் தொட்டிருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. முதலில் மகன் என்ற வார்த்தை, அதற்கு அப்புறம்தான் வேலை. அதனால்தான் வனாந்தரத்தில் பிசாசு “நீர் தேவனுடைய குமாரனேயானால்” என்று அந்த இடத்திலேயே கை வைக்கிறான். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்துக் காட்டச் சொல்கிறான். அவர் யாருக்கும் குதித்துக் காட்டவில்லை.

அவருடைய ஊரும் பெயர்போன ஊர் இல்லை. நாசரேத்திலிருந்து என்ன நன்மை வரும் என்று நாத்தான்வேல் கேட்டான். அதற்கு எத்தனையோ காலம் கழித்து, தமஸ்கு வழியில், மத்தியான வெயிலைவிடப் பிரகாசமான ஒளியில் நின்று உயிர்த்தெழுந்த ஆண்டவர், சபையைத் துன்பப்படுத்தப் போன பவுலிடம் தம்மை எப்படி அறிமுகப்படுத்துகிறார் தெரியுமா? “நீ துன்பப்படுத்துகிற நசரேயனாகிய இயேசு நானே.” அப்போஸ்தலர் 22:8. மகிமைக்குள் போன பிறகும் அந்த ஊர்ப் பெயரை அவர் விடவில்லை! லைன் வீட்டுப் பிள்ளைகளே, இந்த வசனத்தை மனப்பாடம் பண்ணுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி அவருக்கு வெட்கமில்லை.

‘அப்போ அப்பா அம்மா, சபை ஐயர், யார் சொல்வதையும் கேட்க வேண்டாமா?’ என்று ஒரு தங்கை சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். கேட்க வேண்டும் மகளே. தாவீது நாத்தானுக்குக் காது கொடுத்தான். தேவனுக்குள் தன் இடம் தெரிந்தவனுக்குக் கண்டிப்பு சுகமாயிராது, ஆனாலும் அது அவனை உடைத்துப் போடாது. மற்றவர் பாராட்டை நம்பி வாழ்கிறவனுக்குத்தான் ஒரு சின்னத் திருத்தம்கூடத் தாங்காது.

இதன் பலன் நமக்கு மட்டுமில்லை. யோவான் 12-ல் அதிகாரிகள் அநேகர் இயேசுவை விசுவாசித்தார்கள், ஆனால் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டார்கள். பர்னபாவைப் பாருங்கள். மனந்திரும்பிய பவுல் எருசலேமுக்கு வந்தபோது எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனான். தன் பேர் கெட்டுப்போகுமோ என்று கணக்குப் பார்க்கிற ஆளுக்கு அது முடியாது.

இப்போது சாப்பாட்டு நேரம். பின்வரிசையில் முதல் தடவையாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள், யாரோடும் பேசாமல். அவர்களையும் உங்கள் பந்தியில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த எஸ்டேட் என்று கேளுங்கள், உங்களுடையதையும் சொல்லுங்கள்.